தட்டோடு எழ முடியாத பையன்: டுஷேன் தசைச்சிதைவை ஊருக்கு எப்படிச் சொல்வது

அரிய நோய்கள் நாள் பிப்ரவரி மாதத்தின் கடைசி நாள். மாசி மகமும் பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னோ பின்னோதான் வரும். அதனால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் விழிப்புணர்வு வேலையில் இறங்குபவர்களுக்கு முதலில் தோன்றும் யோசனை ஒன்றே: தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ தீர்த்தவாரிக் கூட்டத்தில் ஒரு ஷாமியானா போட்டு நோட்டீஸ் கொடுத்துவிடலாம். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கூட்டத்தில் வாங்கிய நோட்டீஸ் கடற்கரை மணலைத் தாண்டுவதில்லை. டுஷேன் தசைச்சிதைவு ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் நோய். கூட்டத்தில் நிற்கும் பெரும்பாலோர் வாழ்நாளில் அப்படி ஒரு பையனைப் பார்க்கப்போவதே இல்லை. ஆனால் அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர், பி.டி. சார், கிராம சுகாதார செவிலியர், தெருமுனை கிளினிக் டாக்டர் ஆகியோர் வருடா வருடம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். ஊர் முழுவதற்கும் சொல்வதைவிட இந்த ஐந்து பேருக்குச் சரியாகச் சொல்வது பலன் தரும்.

நோயை அவர்களுக்கு விளக்க நீண்ட பாடம் தேவையில்லை. எக்ஸ் குரோமோசோமில் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்துக்கான மரபணு இருக்கிறது. தசை நாரின் உறையைப் பிடித்து நிறுத்துவது அந்தப் புரதம். கீற்றுக் கூரையில் கட்டுக்கயிறு இல்லாவிட்டால் அடிக்கிற ஒவ்வொரு காற்றுக்கும் கொஞ்சம் பிரிகிற மாதிரி, இந்தப் பிள்ளைகளின் தசை ஒவ்வொரு அசைவுக்கும் கொஞ்சம் சேதமாகிறது. உடல் பழுதுபார்த்துக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் முடியாமல் போய், தசை இருந்த இடத்தில் கொழுப்பும் தழும்புத் திசுவும் சேரும். கெண்டைக்கால் பருத்துத் தெரிவது அதனால்தான். "பயில்வான் மாதிரி காலு" என்று வீட்டில் பெருமைப்படுவார்கள். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் அடிக்கடி விழுவது, ஓட முடியாமை, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏறுவது, குதிகால் பதியாமல் முன்னங்காலில் நடப்பது எல்லாம் தெரியவரும். மருந்தில்லாமல் விட்டால் பெரும்பாலும் 12 வயதுக்குள் நடை நின்றுவிடும். அதன்பின் கை, மூச்சு, இதயம். நல்ல கவனிப்பும் மூச்சுக் கருவியும் கிடைத்தவர்கள் இன்று முப்பது வயதையும் தாண்டுகிறார்கள். இதைச் சொல்லாமல் சாவை மட்டும் சொல்லிவிட்டு வருவது அரைகுறைத் தகவல்.

சீக்கிரம் கண்டுபிடிப்பதால் என்ன லாபம் என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையைத் தசை பலம் சரிந்து விழுவதற்கு முன் தொடங்கினால் நடக்கும் காலம் சில வருடங்கள் நீள்கிறது. இது ஒன்று. இன்னொன்று வெளியே அதிகம் பேசப்படாதது: மூத்தவனுக்கு ஐந்து ஆறு வயதில் நோய் தெரிவதற்குள் இளையவன் பிறந்துவிடுகிறான், அவனுக்கும் அதே நோய். ஒரே வீட்டில் இரண்டு பையன்கள் என்பது இந்த நோயில் அபூர்வமே இல்லை.

எங்கே பார்ப்பது? சத்துணவு நேரத்தில். இதற்கு இணையான பரிசோதனைக் கூடம் நம் ஊரில் வேறு கிடையாது. பிள்ளைகள் வராண்டாவில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்காருகிறார்கள், சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுகிறார்கள். மற்ற பிள்ளைகள் ஒரு கையில் தட்டோடு சட்டென்று எழுந்துவிடுவார்கள். தசை பலம் குறைந்த பையன் தட்டைக் கீழே வைப்பான். குப்புறத் திரும்பி நான்கு கால்களில் நிற்பதுபோல் கையை ஊன்றுவான். காலை அகட்டி, இடுப்பை முதலில் மேலே தூக்கி, பிறகு முழங்காலில் ஒரு கை, தொடையில் ஒரு கை என்று தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் நிமிர்வான். 1879-ல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கவர்ஸ் விவரித்ததால் இதற்குக் கவர்ஸ் அறிகுறி என்று பெயர். பெயர் முக்கியமில்லை. "தட்டோடு எழ முடியுதா?" என்ற ஒரே கேள்வியைச் சத்துணவு அமைப்பாளரின் மனதில் பதித்துவிட்டால் போதும். தமிழ்நாட்டில் 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் இருப்பதால் ஒரு நாளைக்கு இரண்டு முறை பார்க்கலாம்.

செய்துகாட்டும்போது சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். சுவரோரம் உட்கார வைத்தால் பையன் சுவரைப் பிடித்து எழுந்துவிடுவான். பெஞ்சு, தூண், பக்கத்துப் பிள்ளையின் தோள் எல்லாமே அப்படித்தான். நாற்காலியிலிருந்து எழச் சொல்வதில் ஆரம்ப காலத்தில் எதுவும் தெரியாது, தரையாக இருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் நோயில்லாத குழந்தைகளும் பலர் குப்புறத் திரும்பித்தான் எழும். அதை வைத்துத் தாயைப் பயமுறுத்தக் கூடாது. அந்த வயதில் பார்க்க வேண்டியது வேறு: 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்கவில்லையா, பேச்சு தாமதமா. இரண்டுக்கும் பொருத்தமான நாள் தடுப்பூசி நாள். தமிழ்நாட்டில் புதன்கிழமை. ஒன்றரை வயது பூஸ்டருக்கு வரும்போது நடையையும், ஐந்து வயது பூஸ்டருக்கு வரும்போது தரையிலிருந்து எழுவதையும் பார்த்துவிட்டால், தனியாக ஒரு முகாம் என்று எதையும் நடத்த வேண்டியதில்லை. தாயிடம் கேட்கும் விதமும் சாதாரணமாக இருக்கட்டும்: "அம்மா, தம்பி கீழ உக்காந்து எழுந்திரிக்கும்போது கைய எங்க ஊணுறான்?" பதில் சொல்லும்போதே பல தாய்மார்கள் தொடையில் கை வைத்துக் காட்டுவார்கள். அவர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

பி.டி. சாரிடம் பேசும்போது குரலை மாற்ற வேண்டும். அவரைக் குற்றவாளியாக்கிவிட்டால் காது மூடிக்கொள்ளும். அவரிடம் சொல்ல வேண்டியவை இரண்டே. எப்போதும் கடைசியில் ஓடிவரும் பையன் சோம்பேறி என்று முடிவுகட்டும் முன் அவன் கெண்டைக்காலையும் எழும் விதத்தையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். நோய் உள்ள பையனுக்குத் தோப்புக்கரணம், தவளைக் குதி, மாடிப்படி இறங்கி ஏறும் தண்டனை ஆகியவை மற்றவர்களைவிடப் பல மடங்கு கெடுதல் என்பதையும் சொல்லுங்கள். தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும் அசைவுகள்தான் அந்த உறையை அதிகம் கிழிக்கும். ஏறுவதைவிட இறங்குவது மோசம். கடும் உழைப்புக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது தசை கரைந்து வருவது. நிறையத் தண்ணீர் கொடுத்து அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அதற்காக அசையாமல் உட்கார வைப்பதும் தவறு. அளவான நடை, நீச்சல் நல்லது.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. எங்கள் பக்கத்து லேப்களில் சி.பி.கே. (தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் ஒரு நொதியின் அளவு) என்று கேட்டால் தெரியும். வெறும் வயிறு தேவையில்லை, சில நூறு ரூபாய்தான் ஆகும். சாதாரணமாக 200-க்குக் கீழ் இருக்கும் அளவு டுஷேன் பிள்ளைகளுக்கு இளவயதில் பெரும்பாலும் 10,000-ஐத் தாண்டும். சில லேப்களில் கருவி காட்டும் எல்லையைக் கடந்துவிட்டது என்று பார்த்து, மாதிரி கெட்டுப்போனதாக நினைத்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். லேப் டெக்னீஷியனுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும் என்பது இதனால்தான். ஊசி போட்டதாலோ முந்தைய நாள் விளையாடியதாலோ அளவு கொஞ்சம் கூடலாம், பெரும்பாலும் டுஷேன் அளவுக்குப் போகாது. அளவு இயல்பாக இருந்தால் டுஷேன் இல்லை என்று நிம்மதியாகச் சொல்லலாம்.

கிளினிக் டாக்டர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் ஈரல். காய்ச்சலுக்கோ வயிற்றுவலிக்கோ எடுத்த ரத்தத்தில் ஈரலுக்காகப் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் இரண்டும் எகிறி இருக்கும். உடனே மஞ்சள் காமாலை, ஈரல் வீக்கம் என்று சிகிச்சை ஆரம்பமாகும். கீழாநெல்லி குடித்து, பத்தியம் இருந்து, ஸ்கேன் எடுத்து மாதக்கணக்கில் ஓடும். சில குழந்தைகளுக்கு ஈரலில் ஊசி போட்டுத் திசு எடுப்பதுவரை போய்விடும். இந்த நொதிகள் தசையிலும் உண்டு, அங்கிருந்துதான் கசிகின்றன. ஜி.ஜி.டி. என்ற இன்னொரு நொதி ஈரலில் உண்டு, தசையில் இல்லை. ஆகவே எஸ்.ஜி.பி.டி. கூடி, ஜி.ஜி.டி. சரியாக இருந்து, காமாலையைக் காட்டும் பிலிருபினும் சரியாக இருந்தால் அடுத்து எழுத வேண்டியது சி.பி.கே. இந்த ஒரு வாக்கியத்தை அட்டையில் அச்சடித்து டாக்டர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே செருகிவிட்டு வாருங்கள். ஒரு மணி நேரச் சொற்பொழிவைவிட அது உதவும்.

சி.பி.கே. அதிகமானால் ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவுக்கோ நரம்பியல் பிரிவுக்கோ போக வேண்டும். அங்கே எடுக்கும் மரபணுப் பரிசோதனையில் முதலாவது எம்.எல்.பி.ஏ. டிஸ்ட்ரோஃபின் மரபணுவில் எக்ஸான்கள் எனப்படும் 79 துண்டுகள் இருக்கின்றன. அவற்றில் எது காணாமல் போயிருக்கிறது, எது இரட்டித்திருக்கிறது என்று இது காட்டும். (உலக டுஷேன் நாள் 7-9, அதாவது செப்டம்பர் 7 என்று வைத்ததற்கும் இந்த 79-தான் காரணம்.) நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இதிலேயே விடை கிடைக்கும். எதுவும் தெரியவில்லை என்று அறிக்கை வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. எழுத்துப் பிழை அளவிலான மாற்றங்களை எம்.எல்.பி.ஏ. பிடிக்காது, அதற்கு மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் முழு வரிசைப் பரிசோதனை வேண்டும். "ரிப்போர்ட்டு நார்மல்" என்று சந்தோஷமாக வீட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இழப்பது இந்தக் கட்டத்தில்தான்.

இனி, எல்லாக் கூட்டங்களிலும் எழும் பேச்சு: "சொந்தத்துல கட்டிக்கிட்டாங்க, அதான்." மாமன் மகள், அக்காள் மகள் திருமணங்கள் உள்ள நம் பக்கத்தில் இது தானாக நாக்கில் வரும். டுஷேனுக்கு இது பொருந்தாது. பிழை தாயின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றில் இருக்கும். கணவர் சொந்தமா அந்நியமா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. சுமார் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குத் தாயிடம்கூட அது இல்லாமல் புதிதாகத் தோன்றுகிறது. அதே மேடையில், சொந்தத்தில் கட்டினால் எந்த நோயும் வராது என்று சொல்லிவிடவும் கூடாது. எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத்தண்டு தசை நலிவு, இடுப்பு தோள் தசைச்சிதைவின் பல வகைகள் ஆகியவை தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருபவை. நெருங்கிய உறவில் வாய்ப்பு கூடும். நோய்க்கு நோய் கணக்கு வேறு.

ஆனால் பரம்பரைப் படத்தைப் பொதுக்கூட்டத்தில் வரைவதை நாங்கள் எதிர்க்கிறோம். படத்தில் அம்புக்குறி தாயிலிருந்து மகனுக்குப் போகும். மண்டபத்தில் இருப்பவர்கள் அறிவியலைப் பார்க்க மாட்டார்கள், அந்தப் பெண்ணைப் பார்ப்பார்கள். "பொண்ணு வீட்டு வழியா வந்தது" என்ற ஒரு சொல்லில் குடும்பம் உடையும். அந்த விளக்கம் தனி அறையில், கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்கார வைத்து, மரபணு ஆலோசனை தெரிந்தவர் சொல்ல வேண்டியது. அங்கே கேட்க வேண்டிய கேள்விகளில் முதலாவது: தாய்மாமன் யாராவது சிறுவயதில் நடக்க முடியாமல் போனாரா? அடுத்தது, பையனின் சித்தி, பெரியம்மாக்களில் பிள்ளை பெறும் வயதில் யார் இருக்கிறார்கள்? தகவல் முதலில் போக வேண்டியது அவர்களுக்கு. தாய் பிழையைச் சுமப்பவராக இருந்தால், ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதி வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் சுமப்பவராக இருக்கப் பாதி வாய்ப்பு. பையனின் சின்னத் தங்கைக்கு இப்போதே பரிசோதனை செய்ய அவசரப்பட வேண்டாம். வளர்ந்த பிறகு அவளே முடிவு செய்யட்டும் என்பதே பொதுவான மருத்துவ வழிகாட்டுதல். சுமக்கும் பெண்களுக்கு இதயத் தசை பாதிக்கலாம் என்பதால் வளர்ந்தபின் அவ்வப்போது எக்கோ என்ற இதய ஸ்கேன் தேவை. தாயின் ரத்தத்தில் பிழை இல்லை என்று வந்தாலும் அடுத்த பிரசவத்தில் சிறிய அபாயம் மீதம் இருக்கும், ஏனென்றால் கருமுட்டைகளில் மட்டும் பிழை இருக்கலாம்.

அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் மூத்தவனின் மரபணு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கருத்தரிப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். எந்தப் பிழை என்று தெரியாமல் கருவில் எதைத் தேடுவது? தெரிந்திருந்தால் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம். நான்காம் மாதத்தில் வந்து நின்று அறிக்கை இன்னும் வரவில்லை என்றால் நேரம் கைநழுவிவிடும். கருவின் பாலினத்தை அறிவது குற்றம் என்பதால் சிலர் கேட்கவே பயப்படுகிறார்கள். பாலினம் சார்ந்த மரபு நோய்க்காகப் பதிவு பெற்ற மையத்தில் பரிசோதிப்பதை அதே சட்டம் அனுமதிக்கிறது.

சுவரொட்டி பற்றிச் சுருக்கமாக. நோயின் பெயரைத் தலைப்பாகப் போடாதீர்கள். பெயர் தெரியாதவரை அது நிறுத்தாது. "உங்கள் பையன் தரையிலிருந்து எப்படி எழுகிறான்?" என்று போடுங்கள். கீழே எழும் விதத்தை நான்கு கோட்டோவியங்களில் காட்டுங்கள், அடியில் "சி.பி.கே. ரத்தப் பரிசோதனை கேளுங்கள்" என்ற ஒரு வரி. ஏ3 அளவு போதும். உண்மைப் பிள்ளையின் புகைப்படம் கூடவே கூடாது. பெற்றோர் சம்மதித்தாலும் அந்தப் பையன் பத்து வயதில் அதே சுவரைக் கடந்து பள்ளிக்குப் போக வேண்டும். உண்டியலும் வேண்டாம். நோட்டீஸோடு வசூல் சேர்ந்தால் அடுத்த ஊரில் கதவு திறக்காது. அந்த மேடையில் ஸ்டெம் செல் சிகிச்சை விளம்பரக்காரர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். டுஷேனுக்கு அது இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஊசி போடுகிறார்கள் என்றால் ஏமாற்று.

நோய் உறுதியான வீட்டுக்குத் தர வேண்டியது சட்டைப்பையில் மடித்து வைக்கும் அவசர அட்டை. அதில் இவை இருக்கட்டும்: நோயின் பெயர்; ஸ்டீராய்டு எடுக்கிறான், திடீரென நிறுத்தக் கூடாது, வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசியாகக் கொடுக்க வேண்டும்; மயக்க மருந்தில் சக்சினைல்கோலின் கூடாது, மூச்சு வழியாகத் தரும் மயக்க வாயுக்கள் கூடாது. பொட்டாசியம் எகிறி இதயம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. பல் பிடுங்கும் கிளினிக்கிலும் இதைக் காட்ட வேண்டும். எலும்பு முறிந்த பிறகு மூச்சு வாங்கினாலோ குழப்பமாகப் பேசினாலோ கொழுப்பு ரத்தத்தில் கலந்திருக்கலாம் என்ற வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டின் வழக்கமான அளவு பிரெட்னிசலோன் என்றால் உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 0.75 மில்லிகிராம், டெஃப்லசகார்ட் என்றால் 0.9 மில்லிகிராம், கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. குண்டாகிறான் என்று வீட்டில் தாங்களே நிறுத்துவதும், நாட்டு மருந்து ஆரம்பித்து இதை விட்டுவிடுவதும்தான் உயிருக்கு ஆபத்தாக முடிகிறது. அம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே போட்டு முடித்துவிட வேண்டும்.

காகித வேலைகளில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பாகூர், கிருமாம்பாக்கம் தாண்டினால் தமிழ்நாடு. தவளக்குப்பம் பக்கம் வந்தால் புதுச்சேரி. மருத்துவமனை எங்கே என்பதைப் பார்த்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கூடாது, முகவரி எந்த அரசில் இருக்கிறதோ அங்கேதான். கடலூர் முகவரி என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். தசைச்சிதைவுக்குத் தமிழ்நாட்டில் தனியாகப் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. புதுச்சேரி முகவரி என்றால் சமூக நலத்துறை. இரண்டுக்கும் முதல் படி யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று. பையன் இன்னும் நடக்கிறான் என்பதால் மருத்துவக் குழுவில் பாதிப்புச் சதவீதத்தைக் குறைத்துப் போட்டுவிடுவார்கள். 40-க்குக் கீழே போனால் பல சலுகைகள் கிடைக்காது. மரபணு அறிக்கை, சி.பி.கே., பிசியோதெரபிஸ்ட் எழுதிய தசை பல மதிப்பீடு மூன்றையும் கொண்டு போங்கள். நோய் முற்றும்போது மறுமதிப்பீடு கேளுங்கள்.

கடைசியாக மழைக்காலம். 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பிறகு கடலூர்க் கிராமங்களில் பல நாள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரி தண்ணீரில் நின்றது. இரவில் பைபாப் என்ற மூச்சுக் கருவியோடு தூங்கும் இளைஞனுக்கு மின்சாரம் போனால் மூச்சு போன மாதிரி. வீட்டு இன்வர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று மழைக்கு முன்பே ஓட்டிப் பார்க்க வேண்டும். கருவியின் ஈரப்பதமூட்டியை அணைத்து வைத்தால் அதே பேட்டரி கூடுதல் நேரம் வரும். ஜெனரேட்டர் உள்ள மருத்துவமனை எது, தெருவில் தண்ணீர் நின்றால் சக்கர நாற்காலியைத் தூக்க எந்த நான்கு பேர் வருவார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பெயர், வீடு, கருவி விவரம் உள்ள பட்டியலை அக்டோபர் முதல் வாரத்துக்குள் வி.ஏ.ஓ.விடமோ கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலோ கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். புயல் சின்னம் உருவான பிறகு போனால் அங்கே காகிதம் வாங்க ஆள் இருக்க மாட்டார்கள்.